45,000 ரூபாய் ஆய்வு: ஒரு பைப் கடைக்காரனின் மதிப்பீடு

நட்சத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று எதற்கு என்பது பின்னால் வரும். எங்கள் ஊர்ப் பள்ளியில் பெண் பிள்ளைகள் ஏன் அடிக்கடி லீவு போடுகிறார்கள் என்று ஆய்வு செய்து கொடுத்த குழுவின் பெயரைப் போடவில்லை. மூன்றே பேர் கொண்ட சின்னக் குழு அது. இங்கே குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு பேரூராட்சியில் பைப், மோட்டார், பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன், 26 வருடமாக. படித்தது எங்கள் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியில். அதன் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் பொருளாளர். கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பதால் சந்தா கொடுக்க எல்லாருக்கும் வசதி.

சங்கத்தில் 2,10,000 ரூபாய் சேர்ந்திருந்தது. ஸ்மார்ட் வகுப்பறை கட்டலாம் என்று பேச்சு. அப்போதுதான் தலைமையாசிரியர் ஒரு விஷயத்தை எடுத்தார். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளைகள் அடிக்கடி லீவு போடுகிறார்கள், பத்தாவது வருவதற்குள் சிலர் நின்றே போகிறார்கள் என்றார். உடனே ஆளுக்கொரு காரணம். செல்போன். பெற்றோருக்குப் பொறுப்பில்லை. பள்ளிக் கழிப்பறை சரியில்லை. வயசுக்கு வந்த பிள்ளையை அனுப்பப் பயப்படுகிறார்கள். நானும் என் பங்குக்கு டிவி சீரியலைச் சொல்லி வைத்தேன். மூன்று கூட்டம் போட்டோம். மூன்றிலும் வடை காலியானது, காரணம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

மதுரையில் பேங்கில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவி ஒருவர்தான், "காரணம் தெரியாம காசைப் போட்றாதீங்கண்ணே" என்று இந்தக் குழுவைக் காட்டினார். சமூக ஆய்வு செய்து தருவார்களாம், 45,000 ரூபாயாம். எனக்குச் சுருக்கென்றது. "கேள்வி கேக்க நாப்பத்தஞ்சாயிரமா? என் கடைப் பையனுக்கு இருநூறு ரூபாயும் ஒரு டீயும் கொடுத்தா தெருத் தெருவாக் கேட்டுட்டு வந்துருவான்" என்றேன். ஓட்டெடுப்பில் ஏழுக்கு நாலு என்று தோற்றேன்.

முதல் நாளைப் பார்த்ததும் நான் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. தாய்மார்களைப் பள்ளிக்கே வரச் சொல்லி, தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, 38 கேள்வி உள்ள படிவத்தை நிரப்பினார்கள். முதல் கேள்வியே குடும்பத்தின் மாத வருமானம். அதைக் கேட்டதும் அந்தப் பெண்களின் முகம் மாறியதை நானே பார்த்தேன். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை நிறுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி காதோடு காதாகச் சொல்ல, அவ்வளவுதான். பிள்ளை ஏன் லீவு போடுகிறாள்? காய்ச்சல். பள்ளியில் ஏதாவது குறை? ஒன்றுமில்லை. டீச்சர் எப்படி? தங்கமானவங்க. டீச்சர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் குழுவின் தலைவர் கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும், கையில் மஞ்சள் பை. "இன்னைக்கு எழுதினது எதையும் கணக்குல எடுக்கப் போறதில்லை. இடத்தை நாங்க தப்பாத் தேர்ந்தெடுத்துட்டோம்" என்றார். காசு வாங்கின முதல் நாளே தப்பை ஒப்புக்கொண்ட ஆளை என் 26 வருட வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ குடித்துக்கொண்டே நிறையப் பேசினார். பிள்ளைகள் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்று பார்க்க 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் நடத்தும் 'அசர்' கணக்கெடுப்பில் பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிக்க மாட்டார்களாம், வீட்டுக்குத்தான் போவார்களாம். பள்ளிக்கே வராத பிள்ளையைப் பள்ளியில் எப்படிக் கணக்கெடுப்பது? நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்துக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கடன், என்ன சாப்பாடு என்று எழுதி வரச் சொன்னாராம். அந்த ஊர்களில் ஒன்று வடமலாபுரம். அப்போது ராமநாதபுரம் ஜில்லா, இப்போது எங்கள் விருதுநகர் மாவட்டம். அந்த ஊருக்கு எத்தனையோ தடவை பைப் லோடு அனுப்பியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார், ஆஸ்திரியாவில் மாரியந்தால் என்ற ஊரைப் பற்றி. ஆலை மூடி ஊரே வேலை இழந்து கிடந்தபோது, 1931-32இல் அங்கே போன ஆய்வுக்குழு ஜன்னலோரம் நின்று தெருவில் நடக்கிறவர்களைக் கவனித்ததாம். ஆண்கள் நாலு எட்டு வைப்பதும் நிற்பதுமாக இருக்கிறார்கள், பெண்கள் நிற்காமல் போகிறார்கள். ஆலை வேலை பெண்களுக்கும்தான் போனது, ஆனால் அவர்களுக்கு அடுப்பு வேலை எங்கே போகும்? நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது குறைந்து போனதாம். "வாய் சொல்றதைவிட காலும் கையும் உண்மை சொல்லும், அண்ணாச்சி" என்றார். நன்றாகத்தான் பேசுகிறார், வேலையைப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையைப் பார்த்தது அவர் அல்ல, கூட வந்த பெண். இருபத்தைந்து வயதிருக்கும். இரண்டு வருடத்து வருகைப் பதிவேட்டை வாங்கி, ஒரு பெரிய சார்ட் பேப்பரில் தேதிகளைப் போட்டு, தெருவுக்கு ஒரு கலர் பென்சில் என்று வைத்துக்கொண்டு நாலு நாள் பள்ளி நூலகத்திலேயே கிடந்தாள். திங்கள்கிழமை, சந்தை நாள், சம்பள நாள் என்று எதிலும் ஒத்து வரவில்லை. ஆனால் பச்சை கலர் மட்டும் கும்பல் கும்பலாக விழுந்தது. ஒரே தெருவில் ஏழு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காய்ச்சல், மறுநாள் ஏழு பேருக்கும் சரி. எட்டு நாள் கழித்து மறுபடி காய்ச்சல். அப்புறம் ஒன்பது நாள். ஒரு தடவை பதினொரு நாள். "இது என்ன காய்ச்சல் அண்ணாச்சி?" என்று என்னிடம் வந்து கேட்டாள். கொசுவாக இருக்கும் என்றேன்.

அதன்பிறகு படிவத்தை மூட்டை கட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பட்டாசு ஆலை வேன் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். கையில் பேனா கிடையாது. பூண்டு உரித்துக்கொண்டே பேசுவாளாம். மூன்றாவது நாள் ஒரு வீட்டில் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைப் பார்த்திருக்கிறாள். நகைக்கடைக்காரர்கள் கொடுப்பார்களே, கட்டம் கட்டமாக, அது. சில கட்டங்களில் கேஸ் வந்த தேதி, சில கட்டங்களில் சீட்டுப் பணம். நடுநடுவே பால்பாயிண்ட் பேனாவால் 'த' என்று ஓர் எழுத்து. என்னக்கா இது என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்தாராம். "தண்ணி வந்த நாளும்மா. நாங்க ரெண்டு பேரும் ஏழு மணிக்கே வேன் ஏறிருவோம். தண்ணி ஒம்பதுக்கு மேலதான் வரும். பெரியவதான் புடிச்சு வைக்கணும். அன்னைக்கு எப்படிப் பள்ளிக்கூடம் போவா?"

ஆறு வீட்டுக் காலண்டர்களைப் போட்டோ எடுத்து வந்து சார்ட்டோடு ஒட்டிப் பார்த்தாள். பச்சைக் கும்பல் விழுந்த இடமெல்லாம் 'த'.

தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் எங்களுக்கு எட்டு, ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான் வரும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தண்ணீர் வரும் நாளில்தான் கடையில் ஹோஸும் கிளாம்பும் போகும். அந்தத் தெருக்காரர்களுக்கு 200 லிட்டர் டிரம் விற்றவனே நான்தான். ஆனாலும் மூன்று கூட்டத்திலும் தண்ணீர் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எல்லாரும் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அதனால்தான் என்று நினைக்கிறேன். லீவு லெட்டரிலும் தண்ணீர் என்று யாரும் எழுத மாட்டார்கள். காய்ச்சல் என்றால் டீச்சர் திட்டுவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. அறிக்கையின் 41ஆம் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது. தெருவின் மேல்முனையில் இருக்கும் வீடுகள் குழாயிலேயே மோட்டார் போட்டு இழுப்பதால் அவர்களுக்கு அரை மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. கீழ்முனையில் மூன்று மணி நேரம் நூல் மாதிரி வருகிறது. லீவு போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் கீழ்முனை வீடுகள் என்று எழுதியிருந்தார்கள். அந்த அரை எச்பி டுல்லு மோட்டார்களை யார் விற்றார்கள் என்று எழுதவில்லை. ஊரில் வேறு மோட்டார் கடை கிடையாது. சங்கக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைச் செயலாளர் சத்தமாக வாசித்தபோது எல்லாரும் வடைத் தட்டைப் பார்த்தார்கள். நானும்தான்.

இனி குறை. அறிக்கை ஐந்து வாரம் தாமதம். 62 பக்கத்தில் முதல் 11 பக்கம் ஆங்கிலம். அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. வட்டப் படங்கள் கண்டபடி இருந்தன. முக்கியமான குறை இது: அறிக்கையைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பேசின தாய்மார்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் போன் போட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாவடியில் எல்லாரையும் உட்கார வைத்து, அந்த சார்ட்டை விரித்துக் காட்டினார்கள். அதை அவர்களாகவே செய்திருக்க வேண்டும். அந்த ஒரு நட்சத்திரம் இதற்குத்தான்.

எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு அந்தப் பெண் கடைசிவரை சொல்லவில்லை. "காசு கொடுத்தது நாங்கதானேம்மா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சி, உங்ககிட்ட சொல்லிட்டா அடுத்த ஊர்ல எனக்கு யாரும் காலண்டரைக் காட்ட மாட்டாங்க" என்றாள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. மோட்டார் பத்தியைப் படித்த பிறகு, யார் சொன்னது என்று எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

ஆண் பிள்ளைகளிலும் சிலர் பள்ளியை விட்டு நிற்கிறார்கள், அது ஏன் என்பதற்கு அறிக்கையில் பதில் இல்லை. இந்தத் தகவலை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 45,000 கொடுத்த இடத்தில் பாதி விடையா என்று சங்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. இதற்கு நான் நட்சத்திரம் குறைக்கவில்லை. சரக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல்வதுதான் முறை. அதைவிட்டு வேறு கம்பெனி வாஷரைத் தலையில் கட்டினால் பிறகு ஒழுகத்தான் செய்யும்.

நடந்தது என்ன என்று கேட்பீர்கள். பேரூராட்சியில் சார்ட்டோடு போய் மனு கொடுத்தோம். இதற்கு முன்னால் தண்ணீர் பற்றி எத்தனையோ மனு கொடுத்திருக்கிறோம், எல்லாம் 'தண்ணீர் போதவில்லை' மனு. இந்தத் தடவை கூடுதல் தண்ணீர் கேட்கவில்லை, நேரத்தை மாற்றத்தான் கேட்டோம். அதற்குச் செலவில்லை என்பதாலோ என்னவோ, நாலு மாத அலைச்சலுக்குப் பிறகு இரண்டு தெருவுக்கு மட்டும் சாயங்காலம் ஆறரைக்குத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குத்தான் வருத்தம். அவர் வேலை இரவு ஒன்பதரை வரை இழுக்கிறது. மற்றத் தெருக்களுக்கு இன்னும் காலையில்தான். மோட்டார்களைப் பறிமுதல் செய்கிறோம் என்று ஒரு வாரம் வண்டி சுற்றியது, அப்புறம் காணவில்லை. ஸ்மார்ட் வகுப்பறை இன்னும் கட்டவில்லை. பாக்கி 1,65,000 வங்கியில் இருக்கிறது. கீழ்முனையில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. தொட்டியை என் கடையில் வாங்கக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்த மாதிரிக் குழுவை அழைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். அறிக்கை முழுவதும் தமிழில் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். ஊராரிடம் திரும்பி வந்து சொல்லும் நாளையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், போக்குவரத்துச் செலவோடு.

கடைக் காலண்டரில் இப்போது நானும் 'த' போட்டு வைக்கிறேன், ஹோஸ் சரக்கு எடுக்க வசதி. மோட்டார் விற்பதை நிறுத்தவில்லை. எதற்கு என்று மட்டும் கேட்கிறேன். எல்லாரும் கிணற்றுக்கு என்றுதான் சொல்கிறார்கள்.