ஜியோஜீப்ராவில் சமநோக்கு வளைகோடு: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நுண்ணியல் பொருளாதாரத் தாளுக்குக் கணக்கும் படமும் சேர்த்துப் போட்டுப் பார்க்க ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். 2001-ல் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கியது, படிப்புக்கு இலவசம். போனில் இருக்கும் கிராஃப் ஆப் மட்டும் போதாது. கணினியில் 'கிளாசிக்' பதிப்பைத் திறவுங்கள். வரைபடமும் சமன்பாடு தீர்க்கும் சிஏஎஸ் பலகமும் அதில் ஒரே கோப்பில் கிடைக்கும்.

டீ 10 ரூபாய், வடை 15 ரூபாய், கையில் 600 ரூபாய். டீ எண்ணிக்கையையும் வடை எண்ணிக்கையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பயன்பாடு, அதாவது கிடைக்கும் திருப்தியின் அளவு. அளவுகளை அடுக்கேற்றிப் பெருக்கும் காப்-டக்ளஸ் சூத்திரம்தான் இது, அடுக்கு பாதிக்குப் பாதி. இரண்டு விலை, வருமானம், பயன்பாட்டு அளவு என்று, இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்லைடர் நான்கு வைக்கத்தான் முதலில் தோன்றும். ஸ்லைடரின் எல்லை −5 முதல் 5 வரை என்றே வரும், மாற்றுங்கள். விலையின் கீழ் எல்லை 1 இருக்கட்டும்; பூஜ்யத்தால் வகுத்தால் புள்ளியே காணாமல் போகும்.

பலரும் தடுக்கி விழுவது, கையிலுள்ள காசுக்கு அதிகப் பயன்பாடு தரும் கூடையைக் (டீ, வடைச் சேர்க்கையை) காட்டும் தொடுபுள்ளியில். காசு முழுதும் செலவாகும் கூடைகளைக் காட்டும் பட்ஜெட் கோடும், ஒரே பயன்பாடு தரும் கூடைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடும் தொடும் இடத்தை 'இன்டர்செக்ட்' கட்டளையிடம் கேட்டால், ஒரு நேரம் இரண்டு புள்ளி தரும், ஒரு நேரம் ஒன்றுமே தராது. அது எண்முறையில் தேடுகிறது. தொடுமிடத்தில் இரு தீர்வுகளும் ஒன்றாகிவிடுவதால் மயிரிழை பிசகினாலும் விடை மாறும். நான்காவது ஸ்லைடரையே தூக்கிவிடுங்கள். அடுக்கு பாதி என்பதால், வருமானத்தில் பாதியை அந்தந்த விலையால் வகுத்துப் புள்ளியை நேரடியாக எழுதுங்கள்: 30 டீ, 20 வடை. பயன்பாடு அந்தப் புள்ளியிலிருந்தே பிறக்கட்டும், 24.49 வரும். கோடும் வளைவும் இனி பிரியாது.

இப்போது டீ விலையை 20-க்கு இழுங்கள். டீ 15 ஆகும், வடை அசையாது. இந்த 15 டீ குறைவைப் பதிலீட்டு விளைவு (டீ வடையைவிட விலையேறியதால் வருவது), வருமான விளைவு (வாங்கும் சக்தி குறைந்ததால் வருவது) என்று பிரித்துக் காட்டுவதில்தான் இந்த மென்பொருள் அழகு. பழைய பயன்பாட்டிலேயே நிறுத்தும் ஹிக்ஸ் முறையில் டீ 21.21, பதிலீட்டு விளைவு 8.79, வருமான விளைவு 6.21. பழைய கூடையை வாங்கும் அளவுக்கு, 900 ரூபாய் கொடுக்கும் ஸ்லட்ஸ்கி முறையில் டீ 22.5, இரு விளைவும் 7.5. ஒரு எச்சரிக்கை: பழைய பயன்பாட்டைத் தனி எண்ணாகப் பதிந்து வையுங்கள். ஸ்லைடரோடு கட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து நகர்ந்து, பதிலீட்டு விளைவே தப்பாக வரும்.

சிஏஎஸ்-இல் லக்ராஞ்ச் (பட்ஜெட் கட்டுப்பாட்டுக்குள் உச்சம் தேடும் முறை) போடும்போது பயன்பாட்டை மடக்கையாக மாற்றிக்கொண்டால் மூன்று சமன்பாடும் எளிய பின்னங்களாகிவிடும். ஆனால் விடை உச்சமா, நீச்சமா என்று சமன்பாடு தீர்க்கும் 'சால்வ்' கட்டளை சொல்லாது. பயன்பாட்டை இரண்டின் வர்க்கக் கூட்டலாக வைத்து அதே 600 ரூபாய்க்குப் போடுங்கள்: 18.46 டீ, 27.69 வடை என்று தயங்காமல் தரும். அது இருப்பதிலேயே மோசமான கூடை. நல்லது மூலையில், வெறும் 60 டீயில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க, விலைகளை ஓரத்தில் வைத்த ஹெஸ்ஸியன் அணிக்கு (இரண்டாம் வகைக்கெழுக்களின் அணி) அணிக்கோவை எடுத்தால் −650. இரண்டு பொருள், ஒரு கட்டுப்பாடு என்றால் உச்சத்துக்கு அது நேர்க்குறியில் வர வேண்டும். அந்த ஒரு வரியை நீங்களேதான் தட்டச்சு செய்ய வேண்டும்.