ரயிலில் பப் உலாவா, லண்டனில் நடை உலாவா?

இங்கிலாந்தில் ஏல் என்ற பியர் வகையின் பிரியர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருநாள் பப் சுற்ற இரண்டு வழி.

செலவு: வட இங்கிலாந்தின் ஸ்டேலிபிரிட்ஜ்–டியூஸ்பரி தடத்தில் ரயில் டிக்கெட் தனி. லண்டன் சதர்க்கில் நடைதான், ஆனால் பியர் விலை கூடுதல்.

பப்: ஸ்டேலிபிரிட்ஜில் பிளாட்பாரத்திலேயே 1885-ல் திறந்த பஃபே பார். சதர்க்கில் 1677-ல் திரும்பக் கட்டிய ஜார்ஜ் விடுதி, மர மாடங்களோடு.

நேரம்: வண்டி தவறினால் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு பைன்ட் உள்ளே போகும், கணக்கு கெடுவது அங்கேதான். நிறுத்தத்துக்கு அரை பைன்ட், 284 மி.லி., போதும். சனிக்கிழமை வேண்டாம், நெரிசல்.

ஈயோட்டும் பப்பில் ஜாக்கிரதை: திறந்த பீப்பாய் மூன்று நாள் தாண்டினால் புளிக்கும். வினிகர் வாடை வந்தால் கூசாமல் திருப்பிக் கொடுங்கள்.

முட்டிவலிக்காரர்களுக்கு ரயில், பாதியில் கழன்றுகொள்பவர்களுக்கு சதர்க்.