ஹட்டன் தொழிற்சட்ட வகுப்பில் ஓர் அயர்லாந்து உத்தியோகத்தர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில், ஓய்வுபெற்ற தொழில் உத்தியோகத்தர் ஒருவர் சனிக்கிழமை தோறும் நடத்தும் தொழிற்சட்ட வகுப்புக்கு எட்டு வாரம் தவறாமல் போய்வந்தேன். கட்டணம் 4,000 ரூபா. தமிழில் அச்சிட்ட பாடக்குறிப்பும் இடைவேளைப் பிளேன்டீயும் அதற்குள் அடங்கும். சம்பளச் சபை, ஊழியர் சேமலாப நிதி, பிரசவ சகாயம் பற்றிய பாடங்கள் குறைசொல்ல இடமில்லாதவை. ஆனால் அவற்றை வேறு இடங்களிலும் கற்கலாம். இந்த வகுப்பில் மட்டும் கிடைப்பது ஆறாவது வாரப் பாடம்: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பணிப்பாளர் நாயகமாக உயர்ந்த எட்வேர்ட் ஃபெலனின் உத்தியோக வாழ்க்கை.

பிரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் போடுவது (அன்றைய வேலை நாளைப் பதிவது) பற்றிய கேள்விகளோடு வந்திருக்கும் நமக்கு, ஜெனீவாவில் கோப்புப் பார்த்த ஒருவரின் கதை எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வகுப்பை நடத்தும் சேர், தலைவர்களின் படங்களைக் காட்டவில்லை. நாம் மேற்கோள் காட்டும் சட்டவாசகத்தை முதன்முதலில் எழுதியவர் யார், எந்த மேசையில் இருந்து எழுதினார் என்று கேட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். 1888இல் அயர்லாந்தின் வோட்டர்ஃபோர்ட் மாவட்டத்து ட்ரமோரில் பிறந்து, லிவர்பூலில் படித்து, பிரித்தானிய அரச சேவையில் சேர்ந்த ஃபெலன், 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குச் சென்ற பிரித்தானியத் தூதுக்குழுவின் தொழிற்பிரிவில் பணியாற்றினார். தொழிலாளர் அமைப்புக்கான திட்டத்தை வரைந்த சில கைகளில் அவருடையதும் ஒன்று. அரசாங்கத்துக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளருக்கு ஒருவர் என ஒவ்வொரு நாடும் நான்கு பிரதிநிதிகளை அனுப்பும் முறை அவ்வாண்டிலேயே எழுதப்பட்டது. அமைப்பின் முதற் பணிப்பாளர் அல்பேர்ட் தோமா நியமித்த முதல் உத்தியோகத்தரும் ஃபெலனே.

கட்டணத்துக்கு ஈடான இடம் இதற்குப் பிறகுதான் வந்தது. சேர் வெண்பலகையில் இரண்டு வாசகங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். உழைப்பை வெறுமனே ஒரு பண்டமாகக் கருதலாகாது என்கிறது, இந்த அமைப்பைத் தோற்றுவித்த 1919ஆம் ஆண்டின் வெர்சேய் உடன்படிக்கை. உழைப்பு ஒரு பண்டமன்று என்கிறது 1944 மே 10இல் ஏற்கப்பட்ட, அதே அமைப்பின் ஃபிலடெல்ஃபியாப் பிரகடனம்; அதை வரைந்தவர்கள் ஃபெலனும் அவருடைய சக உத்தியோகத்தர் வில்ஃபிரட் ஜென்க்ஸும். 'வெறுமனே' என்ற ஒரு சொல் உதிர்ந்து விழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின என்று சொல்லிவிட்டு, சேர் நம்முடைய 'துண்டு'க்கு வந்தார். தொழிலாளியின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த கடதாசிதான் துண்டு. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, அந்தக் கடதாசியைக் கொண்டு ஆட்கள் கடன் கணக்கோடு தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டார்கள். பண்டம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உரை எனக்குத் தெரியாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) போடுகிறார்களே, அது இந்த இரண்டு வாசகங்களில் எதற்குள் வரும் என்று டிக்கோயாவிலிருந்து வந்த அக்கா ஒருவர் கேட்க, அரைமணி நேரம் அதிலேயே போயிற்று. இரண்டாவது வாசகம் இருக்கும்போது இப்படிக் கேட்கவே நேரக்கூடாது என்றார் அந்த அக்கா. யாரும் மறுக்கவில்லை.

யுத்தகாலப் பகுதி சுருக்கமாக இருந்தது; அது தவறன்று. 1940இல் அலுவலகம் ஜெனீவாவிலிருந்து மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது, மறு ஆண்டு பணிப்பாளர் வைனன்ட் அமெரிக்கத் தூதுவராக லண்டனுக்குப் போனதால் பொறுப்பு முழுவதும் ஃபெலன் தலையில் இறங்கியது, உலக நாடுகள் சங்கம் கலைந்த 1946இலேயே இந்த அமைப்பு ஐக்கிய நாடுகளின் முதல் விசேட முகவரகமாக மறுவாழ்வு பெற்றது ஆகிய மூன்றையும் பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார்.

என் மனக்குறை 1948ஆம் ஆண்டைப் பற்றியது. ஃபெலன் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்டு அது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான 87ஆவது சமவாயம் சான் பிரான்சிஸ்கோவில் ஏற்கப்பட்டதும், இலங்கை இந்த அமைப்பில் அங்கத்துவம் பெற்றதும் அதே ஆண்டில்தான். பாடக்குறிப்பு இம்மூன்றோடு நின்றுவிடுகிறது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதைப் பற்றி, மலையகத்தின் நடுவே நடக்கும் ஒரு வகுப்பில் ஒரு வரியாவது வேண்டாமா? ஜெனீவாவில் தொழிலாளருக்கென்று ஓர் ஆசனத்தை ஏற்றுக்கொண்ட நாடு, தன் தேயிலைத் தொழிலாளருக்குப் பிரஜாவுரிமை இல்லாமற் செய்த ஆண்டல்லவா அது? இடைவேளையில் இதைச் சொன்னபோது, "அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், தம்பி" என்றார் சேர். அவர் சொல்வது நியாயந்தான். எனினும் எட்டு வாரங்களை ஒன்பதாக்கி 500 ரூபா கூட்டிக் கேட்டால் ஒருவரும் மறுக்கமாட்டோம். 87ஆவது சமவாயத்தை இலங்கை 1995இல்தான் ஏற்றுறுதிப்படுத்தியது என்ற செய்தியும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. அதையும் மேலே கொண்டுவரலாம்.

இடவசதி சுமார்தான். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் சேரின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. கொட்டகலைப் பக்கம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கேள்வி நேரத்தில் பாதியில் எழும்ப வேண்டியிருக்கிறது. அடுத்த வகுப்பு தைப்பொங்கலுக்குப் பிறகு ஆரம்பமாகிறது. தோட்டக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கையின் பெயரைக் கொடுத்துவிட்டேன்; முன்வரிசையில் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.