நான்கு வருடம், நான்கு வாட்: கிளாஸ்-ஈ டிரான்ஸ்மிட்டருடன் என் அனுபவம்

ஏற்காட்டுக்கு முதல் தடவை அமெச்சூர் (ஹாம்) ரேடியோவை எடுத்துக்கொண்டு போனபோது பையின் பாதிக் கனம் பேட்டரிதான். யு.பி.எஸ்.ஸில் போடுகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட். இரண்டு கிலோவுக்கு மேல். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் கையில் கிடைப்பது மூன்றரை ஆம்பியர்-மணி. அதை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஓட்டுவதற்குள் ஒன்பது முறை மீட்டரைப் பார்ப்பேன்.

அப்போதைய ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி) நானே கட்டியது. வெளியீட்டில் ஒரு ஐ.ஆர்.எஃப்.510 டிரான்சிஸ்டர், லீனியராக, அதாவது சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பெருக்கும்படி அமைத்தது. ஆன்டெனாவுக்கு 4 வாட் அனுப்ப, பவர் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் பகுதி) மட்டும் 1.1 ஆம்பியர் இழுக்கும். அதாவது 13 வாட் உள்ளே, 4 வாட் வெளியே. மீதி 9 வாட் ஹீட் சிங்க்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. மலைக் குளிரில் கையைக் காய வைக்க உதவியது என்பதைத் தவிர அதனால் லாபம் கிடையாது.

2021-இல் க்யூ.சி.எக்ஸ். கிட் ஒன்றை வாங்கிச் சோல்டர் செய்தேன். ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்தது, முதலில் 2017-இல் வந்தது. ஒரே பேண்ட் (அலைவரிசைத் தொகுதி), மோர்ஸ் மட்டும். நான் எடுத்தது 40 மீட்டர் அலைநீளத்துக்கானது. இதன் வெளியீட்டில் ஹீட் சிங்க்குக்கு வேண்டிய பெரிய டிரான்சிஸ்டரே கிடையாது. சட்டைப் பொத்தான் அளவில், சில ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்று பி.எஸ்.170, பக்கத்துப் பக்கத்தில். இதிலா 4 வாட் வரும் என்று நானும் சந்தேகப்பட்டேன். மோர்ஸ் கீயை அழுத்தியபோது ரிக் மொத்தமாக இழுத்தது அரை ஆம்பியர். ரிசீவர் பகுதியின் செலவைக் கழித்தால் ஆம்ப்பின் திறன் 80 சதவீதத்தின் பக்கம். வெப்பமாகப் போவது மூன்றுக்கும் சேர்த்தே ஒரு வாட்தான். விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு.

சூட்சுமம் கிளாஸ்-ஈ. டிரான்சிஸ்டரில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் இருக்கும்போதுதான் வெப்பம் பிறக்கிறது. லீனியர் ஆம்ப்பில் அது எப்போதும் பாதி திறந்த குழாய் மாதிரி இருப்பதால், இரண்டும் சேர்ந்தே இருக்கும். கிளாஸ்-ஈ-யில் டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்ச். அதுவும் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறாமல் நின்ற பிறகு ஏறுகிற ஆள்: காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து டிரெயினில் (டிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் காலில்) உள்ள மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிக் கொடுத்த அந்தக் கணத்தில் மட்டும் சுவிட்ச் போடப்படும். 1975-இல் இதை எழுதியவர்கள் நேதன் சோக்கலும் அவர் மகன் ஆலன் சோக்கலும். இந்த மகன்தான் பின்னாளில் இயற்பியலாளராகி, 1996-இல் ஒரு கேலிக் கட்டுரையை ஆய்விதழில் அச்சேற்றி அறிவுலகத்தைக் கலக்கியவர். ரேடியோக்காரர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக.

ஆனால் அந்தக் காயில் சரியாக அமையாவிட்டால் எல்லாம் போச்சு. முதல் தடவை டொராய்டு வளையத்தில் கம்பிச் சுற்றுகளைத் தப்பாக எண்ணிவிட்டேன் (உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று, அதை மறந்தேன்). 2 வாட்தான் வந்தது, டிரான்சிஸ்டர்களும் சுட்டன. பிரித்துச் சுற்றியதும் சரியானது. ஒரே பேண்டுக்கு என்று கட்டுவதன் காரணமும் இதுதான், இந்த ஒத்திசைவு குறுகலான அலைவரிசைக்குள்தான் நிற்கும்.

பெரிய அடி இரண்டாம் வருடம். ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் கனெக்டரில் வெளிப்பின்னல் விட்டுப்போயிருந்ததைக் கவனிக்காமல், வீட்டு சப்ளையில் 13.8 வோல்ட் கொடுத்துக் கீயை அழுத்தினேன். கிளாஸ்-ஈ-யில் டிரெயினில் எழும் உச்சம் சப்ளையைப் போல மூன்றரை மடங்கு. 13.8-க்கு அது 49 வோல்ட். பி.எஸ்.170-இன் எல்லை 60. ஆன்டெனா ஒழுங்காக இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் உச்சம் எல்லையைத் தாண்டும். மூன்றும் ஒரே நொடியில் போயின. தப்பு முழுக்க என்னுடையது. ஐ.ஆர்.எஃப்.510 இதைவிட முரட்டு ஆள், 100 வோல்ட் தாங்கும். என் பழைய ரிக் இப்படிப்பட்ட கவனக்குறைவுகளைப் பல தடவை மன்னித்திருக்கிறது.

சரி, பேட்டரிக் கணக்கு. ஒரு வார இறுதிக்கு ஒன்பது மணி நேரம் ரேடியோ ஓடும். மோர்ஸில் கீ கீழே இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறும், மிச்சமெல்லாம் கேட்பது. பழைய ரிக்குக்கு இதற்கு 2.9 ஆம்பியர்-மணி ஆனது. புதியதற்கு 1.14. இப்போது மூன்று 18650 லித்தியம் செல்தான் கொண்டுபோகிறேன், 150 கிராம்கூட இராது. செல் இறங்க இறங்க பவர் வோல்ட்டின் இருமடிக்குக் குறையும், 12.3 வோல்ட்டில் 4 வாட் என்றால் 10 வோல்ட்டில் 2.6. அந்தப் பக்கம் கேட்பவருக்கு அது 2 டெசிபல்கூட இல்லை. கொழும்பு நண்பர் இதுவரை ஒரு தடவையும் கவனித்ததில்லை.

அந்த 1.14-ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அனுப்புவதற்கு அரை ஆம்பியர்-மணி, கேட்பதற்கு 0.64. ஆம்ப்பை 80-லிருந்து 90 சதவீதத்துக்கு ஏற்ற ஒரு மாதம் காயிலோடு மல்லுக்கட்டினேன். வெற்றி பெற்றிருந்தாலும் வார இறுதிக்கு மிஞ்சுவது 0.05. டிஸ்ப்ளேயின் பேக்லைட்டை அணைத்ததில் 0.24 மிஞ்சியது, அதுவும் ஒரு பட்டனில். திறன் 30 சதவீதத்திலிருந்து 80-க்கு வந்த தாவல்தான் பையின் கனத்தைக் குறைத்தது; அதற்கு மேல் போராடியது என் வீம்பு.

குரலில் பேச விரும்புகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். சுவிட்ச் ஆம்ப்புக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான். குரலின் ஏற்ற இறக்கத்தை அது அப்படியே பெருக்காது. கைப்பேசிக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். 4ஜி சிக்னலும் ஏறி இறங்குவது, அதனால் லீனியர் ஆம்ப் வேண்டும், லீனியர் என்றால் விரயம். சிக்னல் இறங்கும்போது ஆம்ப்பின் சப்ளை வோல்ட்டையும் கூடவே இறக்குகிற உத்தி 2013-இல் நெக்ஸஸ் 5 போன்ற போன்களில் வந்தது. டவர்ப் பக்கம் நடப்பது இன்னும் பழைய வித்தை: பெல் லேப்ஸின் டோஹர்ட்டி 1936-இல் வால்வு டிரான்ஸ்மிட்டருக்குச் சொன்ன இரட்டை ஆம்ப் அமைப்பு.

மோர்ஸ் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். கூடவே பத்து பி.எஸ்.170 வாங்கி வையுங்கள். என்னிடம் இருந்த பத்தில் மூன்று போனது, மீதி ஏழு பழைய விபூதி டப்பா ஒன்றில் பையின் ஓரத்திலேயே கிடக்கிறது.