கிளிநொச்சியில் ஒரு வேகமானி செய்வித்த அனுபவம்

விடுமுறைக்கு வன்னிக்குச் சென்று திரும்புபவர்கள் வங்கி, காணிப் பதிவு, மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். இம்முறை எறியப்படும் பொருளின் வேகத்தை அளக்கும் ஒரு கருவியைச் செய்விக்கக் கிளிநொச்சியில் நான் அதிகம் நாடியது பட்டறைகளை என்பதால் அவற்றைப் பற்றியே இங்கே பதிவு செய்கிறேன்.

இங்கிலாந்தில் பிஸ்லி என்ற துப்பாக்கி சுடும் தளத்தில் நான் இலக்குத் துப்பாக்கி சுடுபவன். உரிய அனுமதிப் பத்திரத்துடன் தோட்டாக்களைக் கையால் நிரப்பிக்கொள்ளும் எங்களுக்குக் குண்டின் வேகத்தை அளப்பது தவிர்க்க முடியாத வேலை. ஒரே விதமாக நிரப்பிய தோட்டாக்களிடையே செக்கனுக்கு 10 மீற்றர் வித்தியாசம் இருந்தால், 300 மீற்றர் தூரத்தில் அது 2 சென்ரிமீற்றர் அளவிலான ஏற்ற இறக்கமாகவே தெரியும். 1000 யார் தூரத்திலோ அதே வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சாணாக விரிந்துவிடும். அதனால்தான் சராசரி வேகத்தைவிட, அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு குண்டும் எவ்வளவு விலகுகிறது என்பதை நாங்கள் கவனமாகப் பார்க்கிறோம்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மருமகள் இந்த வேகங்களை நான் குறித்து வைக்கும் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, மெஷின் காட்டுற இலக்கம் சரியெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு 1742ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஒரு வழியை வெளியிட்டிருந்தார். குண்டைத் தொங்கும் மரக்கட்டையில் பதியவிட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதை அளந்து, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் (திணிவு × வேகம்) மாறாது என்ற உந்தக் காப்பு விதியால் வேகத்தைக் கணிப்பதே அது. அந்த ஊசலையும் இரண்டு ஒளிக்கதவுகள் (பொருள் ஒளிக்கற்றையை மறைக்கும் கணத்தை உணரும் அமைப்புகள்) கொண்ட ஒரு வேகமானியையும் ஊரிலேயே செய்வித்து ஒன்றை மற்றதால் சரிபார்ப்பது என்று தீர்மானித்தோம்.

இதில் துப்பாக்கிக்கோ வெடிமருந்துக்கோ இடமே இல்லை. இறப்பர்ப் பட்டியால் எறியப்படும் களிமண் உருண்டையைத்தான் பயன்படுத்தினோம். வன்னியில் இன்னும் காணிகளிலும் காடுகளிலும் பழைய வெடிபொருட்கள் கிடைக்கின்றன. பரிசோதனைக்கு உதவும் என்று எந்தப் பிள்ளையும் ஒரு வெற்றுக் கோதைக்கூடப் பொறுக்கக் கூடாது, கண்டால் தொடாமல் அறிவிக்க வேண்டும் என்பதை மருமகளின் தோழிகளுக்கும் வற்புறுத்திச் சொன்னேன்.

தச்சுப் பட்டறையில் கட்டைக்கு முதிரை என்ற கடின மரம் வேண்டும் என்று கேட்டேன். ஆசாரியார் நான் வரைந்து கொடுத்த தாளை நிதானமாகப் படித்துவிட்டு, "தம்பி, முதிரை வேண்டாம், களிமண் பதியிறதுக்குக் கட்டையில குழியெல்லோ வேணும், நல்லாக் காய்ஞ்ச வேம்பு தாறன்" என்றார். ஈரமான மரம் காயக் காய அதன் திணிவும் மாறிக்கொண்டே போகும் என்பதை அவரும் தாமாகவே எடுத்துச் சொன்னார். அளவுகளோடு, எவ்வளவு பிழை வரை பரவாயில்லை என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்த இடத்தில் ஒரு மில்லிமீற்றரும் பிசகவில்லை. வாயால் சொல்லிவிட்டு வந்த, உருண்டையை எறியும் சட்டத்தை மட்டும் திரும்பவும் சீவ வேண்டியிருந்தது.

திணிவை நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். 0.01 கிராம் வரை காட்டும் அத்தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். முத்திரையைக் காட்டுமாறு கேட்டபோது கடைக்காரர் மகிழ்ச்சியோடு காட்டினார். உருண்டை 10 கிராம், கட்டை 490 கிராம் என்று அமைத்தால், உருண்டையின் வேகம் கட்டையோடு சேரும்போது ஐம்பதில் ஒன்றாகக் குறையும். செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் வரும் உருண்டை, ஒரு மீற்றர் நூலில் தொங்கும் கட்டையை ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் தள்ளும். கட்டை உயர்வதோ ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்தான். ஆகவே உயரத்தை விடுத்துக் கிடைத்தூரத்தையே அளக்க வேண்டும்.

ஒளிக்கதவுகளுக்கு வேண்டிய அகச்சிவப்பு எல்ஈடியும் உணரிகளும் கிளிநொச்சியில் நான் விசாரித்த கடைகளில் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வரவழைத்தேன், அனுப்பிய நிறுவனம் சொன்ன நாளில் பொதி வந்து சேரவில்லை, தொலைபேசியிலும் சரியான பதில் கிடைக்கவில்லை. விடுமுறை குறுகியதாக இருப்பவர்கள் இத்தகைய சிறு பாகங்களைப் பயணப் பையிலேயே எடுத்துச் செல்வது நல்லது. மற்றவை எல்லாம் ஊரிலேயே கிடைத்தன. வெயில் உணரியைக் குழப்பாமலிருக்க ஹாட்வெயார் கடையில் வாங்கிய பிவிசி குழாய்க்குள் கதவுகளை 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் பொருத்தி, துளைகளை லேத் பட்டறையில் இட்டோம். அந்த இடைவெளியில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் வேகத்தில் 0.33 சதவீதம் தவறும். களிமண் உருண்டைக்கு அது பொருட்டே இல்லை. செக்கனுக்கு 900 மீற்றர் செல்லும் குண்டுக்கோ அது 3 மீற்றர் பிழை. நேரத்தை எண்ணிய ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் வழக்கமான கடிகாரமும் 4 மைக்ரோசெக்கன் படிகளாகவே எண்ணும். உருண்டை 12 மில்லிசெக்கன் எடுத்துக் கடக்கும் தூரத்தைக் குண்டு ஒரு மில்லிசெக்கனின் மூன்றில் ஒரு பங்கில் கடந்துவிடும்; ஒரு படி பிசகினாலே குண்டின் வேகம் ஒரு சதவீதத்துக்கு மேல் தவறும் என்பதால், அக்கருவி குண்டுக்கு உதவாது. பிஸ்லியில் நாங்கள் கூடிய விலை கொடுத்து வாங்கும் கருவிகளின் அவசியம் மருமகளுக்கு விளங்கியது இந்தக் கணக்கில்தான்.

முதலில் ஊசல் காட்டிய வேகம் கதவுகள் காட்டியதைவிடக் குறைவாகவே இருந்தது. உருண்டை நடுவில் படாதபோது கட்டை திரும்புகிறது, அதனால் அது நேராக ஆடுவதில்லை என்று மருமகள் கண்டுபிடித்தாள். இரண்டு நூலுக்குப் பதிலாக நான்கு நூலில் கட்டையைத் தொங்கவிட்டதும் இரண்டு இலக்கங்களும் நெருங்கி வந்தன. அதை அவள் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை.

இனி மூன்றாவது கதவு ஒன்றைப் பொருத்த வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையிலான வேகமும் பின் இரண்டுக்கும் இடையிலான வேகமும் ஒத்து வராவிட்டால் அந்த அளவீட்டை அப்போதே தள்ளிவிடலாம். அதற்கான துளையை லேத் பட்டறைக்காரர் குழாயில் இப்போதே இட்டு வைத்திருக்கிறார். உணரியை நான் இலண்டனிலிருந்து அனுப்ப வேண்டும்.