லக்சேஷனா, டிஸ்லொகேஷனா? மூட்டு விலகலின் இரு பெயர்கள்

ஒரு மூட்டில் பொருந்தியிருக்க வேண்டிய எலும்பு முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி முற்றாக விலகிப்போவதை ஆங்கில மருத்துவ நூல்கள் பெரும்பாலும் டிஸ்லொகேஷன் என்றும், ஜெர்மானிய, பிரெஞ்சு நூல்கள் லக்சேஷன் என்றும் குறிக்கின்றன. இரண்டும் இலத்தீன் வழிவந்தவையே.

டிஸ்லொகேஷனின் வேர் 'லோகுஸ்', அதாவது இடம். 'டிஸ்' என்ற முன்னொட்டு பிரிவைச் சுட்டுகிறது. இருந்த இடத்தை விட்டுப் போனது என்பதற்கு மேல் அச்சொல் எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் உலோகப் படிகங்களில் அணுவரிசை பிறழ்வதற்கும் அதே பெயர் பொருந்துகிறது.

லக்சேஷன் அவ்வளவு பொதுவானதன்று. 'லுக்ஸாரே' என்றால் மூட்டைப் பிசகச் செய்தல். சாய்ந்தது, கோணலானது எனப் பொருள்படும் 'லொக்ஸோஸ்' என்ற கிரேக்கச் சொல் இதற்கு உறவாகக் கருதப்படுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ எழுதிய வேளாண் நூலிலேயே, நான்கைந்து அடி நீளமுள்ள பச்சை நாணலை நடுவே பிளந்து, இருவர் அதை இடுப்போடு பிடித்துக்கொள்ள, மந்திரம் ஓதிப் பிசகைச் சரிசெய்யும் முறை 'லுக்சும்' என்ற சொல்லோடு வருகிறது. உழவர் வீட்டில் புழங்கிய சொல் என்பதாலேயே எனக்கு இதன்மேல் பற்று அதிகம்.

ஆங்கிலம் இச்சொல்லை முழுவதும் கைவிடவுமில்லை. பல் அசைந்து விலகுவதற்கும், கண்வில்லை நழுவுவதற்கும், நாயின் முழங்கால் சில்லு விலகுவதற்கும் லக்சேஷன் என்றே சொல்கிறார்கள். எலும்பு முனைகள் ஓரளவு தொட்டுக்கொண்டே விலகியிருக்கும் நிலைக்கும் சப்லக்சேஷன் என்பதே பெயர். சிறு பிள்ளையைக் கையைப் பிடித்துச் சட்டென இழுக்கும்போது முழங்கையில் நேர்வது பெரும்பாலும் இதுதான். முழு விலகலுக்கு ஒரு வேர், அரை விலகலுக்கு வேறொரு வேர் என்று ஆங்கிலம் பிரிந்து நிற்க, லக்சேஷன் வழங்கும் மொழிகளில் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்பது கற்பவருக்கு எளிது.

தமிழில் 'இடப்பெயர்வு' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. அது வீடிழந்து வெளியேறும் மக்களை நினைவூட்டுவதோடு, முறிந்த எலும்புத் துண்டுகள் நகர்வதோடும் குழம்பிவிடும். 'பிசகு' லுக்சுமுக்கு மிக நெருங்கிய சொல்லாயினும், சுளுக்கையும் அப்படியே சொல்லும் வழக்கம் உண்டு. ஆகவே மருத்துவ எழுத்தில் முழு நிலைக்கு 'மூட்டு விலகல்' என்பதையும், சப்லக்சேஷனுக்குப் 'பகுதி விலகல்' என்பதையும் ஆள்வதே சரி.