கண்புரை அறுவை: பேக்கோவா, சிறுகீறலா?

கண்புரை சொட்டு மருந்தில் கரையாது. அறுவை சிகிச்சைதான் வழி. பேக்கோ முறைக்குச் சுமார் 3 மி.மீ. துளை போதும். மீயொலி அதிர்வால் புரையைப் பொடித்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை அதே துளை வழியே நுழைப்பார்கள். உள்ளே போனதும் அது விரிந்துகொள்ளும். சிறுகீறல் முறையில் 6, 7 மி.மீ. கீறி, புரையின் கருவை முழுசாக எடுக்கிறார்கள். இதற்கும் பெரும்பாலும் தையல் வேண்டாம், செலவும் குறைவு.

பேக்கோவில் பார்வை சீக்கிரம் தெளியும், சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) அவ்வளவாக அதிகரிக்காது. ஆரம்பநிலைப் புரைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் முற்றிப் பழுப்பேறி இறுகிய புரையை உடைக்க மீயொலி அதிகம் தேவை. அது கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கலாம். போன செல்கள் மறுபடி வளராது. அங்கே சிறுகீறல்தான் பெரும்பாலும் பத்திரம். அதை மட்டமான முறை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.